கடைத்தெரு உள்ளே, பள்ளத்தெரு வெளியே

வாசலில் துணி அலசிக்கொண்டிருந்த அக்கா, சாக்கடையைத் தாண்டப் பலகை தேடி நின்ற தம்பியைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். "சின்ன வயசுல ஒரே தாவா தாவுவ. ஆபீசர் ஆனதும் கால் சுருங்கிடுச்சா?"

தம்பி நகராட்சியில் திட்டப் பிரிவு அதிகாரி. நகர எல்லை விரியப்போகிறது. மேட்டிலுள்ள கடைத்தெரு உள்ளே வரும். அதன் வரியும் வரும். கீழேயுள்ள பள்ளத்தெருவுக்குக் கழிவுநீர்க் குழாய் போட்டால் ஏழெட்டு வருட வரி அதிலேயே கரைந்துவிடும். ஆகவே அது வெளியே. ஒரு கண்ணுக்கு வெண்ணெய், மறு கண்ணுக்குச் சுண்ணாம்பு. அந்த எல்லைக்கோட்டைப் போட்டவர் இவரேதான். இனி பள்ளத்தெருக்காரர்கள் 'ஆட்சேபம் இல்லை' என்று கையெழுத்திட வேண்டும். அக்கா போட்டால் தெருவே போடும்.

உள்ளே அதே கூடம், அதே கட்டில். எத்தனை மழைநாள்! கடைத்தெருத் தண்ணீர் வீட்டுக்குள் ஏறும்போது, அம்மா இல்லாத அந்த வீட்டில் அக்காதான் தம்பியையும் புத்தகங்களையும் கட்டிலில் ஏற்றிவிட்டு, முழங்கால் தண்ணீரில் நின்று வாளியால் இறைப்பாள். அவர் மேலிருந்து காகிதக் கப்பல் விடுவார். அந்த நாட்களை நினைத்தால் இன்றும் அவருக்கு இனிக்கும். தண்ணீரில் நின்றவளுக்கு இனித்ததா என்று ஒருநாளும் கேட்டதில்லை.

தாளை நீட்டினார். அக்கா கண்ணாடியைக்கூடத் தேடவில்லை. "நீ கொண்டுவந்தா நான் படிச்சா பார்ப்பேன்?" என்று கையெழுத்துப் போட்டாள். உடனே எதிர்வீட்டுக்காரிக்குக் குரல் கொடுத்தாள். "சீக்கிரம் வா! என் தம்பி நம்ம தெருவுக்குக் குழாய் கொண்டுவந்துட்டான்!"

அவர் குறுக்கிட்டார். "அக்கா, அதுல அப்படி இல்ல. நம்ம தெருவை விட்டுட்டோம். செலவு கட்டுப்படியாகாது."

அக்கா வாசல் சாக்கடையைக் காட்டினாள். "கடைத்தெரு சாக்கடை எங்கடா ஓடுது?"

"இங்கதான்."

"நீ போட்ட கோட்டைப் பார்த்துட்டு அது நின்னுடுமா?"

அவர் தாளைக் கிழித்துப் போட்டார். அன்று மதியம் நகராட்சிக் கூட்டத்தில் இரண்டு தெருக்களையும் சேர்த்துப் புது வரைபடத்தை விரித்தார். கடைத்தெரு வரியில் ஒரு பங்கு வருடாவருடம் பள்ளத்தெருக் குழாய்க்கு என்று அதில் எழுதியிருந்தது.

தலைவர் முகம் சுளித்தார். "நமக்கு எதுக்குய்யா இந்தச் செலவு?"

"மேட்டு வரி நம்மளதுன்னா, மேட்டுக் கழிவும் நம்மளதுதான் ஐயா. வருமானத்தை வாங்கிக்கிட்டு அழுக்கை அடுத்தவன் வாசல்ல தள்றதுக்குப் பேரு வளர்ச்சி இல்ல, திருட்டு."