கானின் தட்டில் இன்னொரு கை

எங்கள் தலைநகரான பிளிஸ்காவில் அந்தக் காலத்தில் எந்தக் கானும் அரியணையில் நிலைத்ததில்லை. முந்தைய இருவரும் விருந்து மண்டபத்திலேயே வெட்டுப்பட்டார்கள். அடுத்து வந்தவன் நெகவார். நல்லவன்தான், ஆனால் பதவி வந்ததும் கழுத்து விறைத்துவிட்டது.

பல்கர்களாகிய எங்கள் வழக்கப்படி கான் தனியாகத்தான் சாப்பிட வேண்டும். உயர்ந்த மேசையில் அவன் மட்டும். மனைவி துர்தா உட்பட மற்றவர்கள் எல்லாம் தள்ளி, தாழ்ந்த முக்காலிகளில். அவன் தட்டில் இன்னொருவர் கை வைத்தால் அவன் கானே இல்லை.

அன்று மதிய விருந்தில் துர்தா தன் அண்ணன் எஸ்போரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிரபுக்களுக்கெல்லாம் தலைவன் அவன், மொடாக்குடியன். அவன் முன்னால் குதிரைப்பால் மது நுரை அடங்கிக் கிடந்தது. அவன் குடிக்காமல் இருந்து அவள் ஒரே ஒரு நாள்தான் பார்த்திருக்கிறாள், போன கான் செத்த அன்று. இப்போது அவனோடு கூட இருந்த பிரபுக்களும் கோப்பையைத் தொடவில்லை. அவர்களுடைய மேலங்கிகள் இடுப்பருகே புடைத்திருந்தன.

"என்னண்ணே, ஒடம்பு சரியில்லையா?"

"வாய மூடிக்கிட்டுச் சாப்பிடு தங்கச்சி. சத்தம் கேட்டா குனிஞ்சுக்க."

துர்தா எழுந்தாள். நேராக உயர்ந்த மேசைக்குப் போய்க் கணவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் தட்டிலிருந்த ஆட்டுக்கறியைப் பிய்த்து வாயில் போட்டாள்.

"பைத்தியமாடி ஒனக்கு? எறங்கு!" என்றான் நெகவார்.

"பசிக்குது. முன்னெல்லாம் ஒரே தட்டுலதான சாப்பிட்டோம்?" என்று இன்னொரு துண்டை எடுத்தாள்.

எஸ்போர் மேலங்கிக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்து, விழுந்து விழுந்து சிரித்தான். "பொண்டாட்டி தட்டுல கை போடுறா, இவரு கானாம்! மாப்ளே, எந்திரிங்க. ஊருல போயி ஆடு மேய்ங்க."

கானைக் கொன்றால் அவன் குலம் பழிவாங்க வரும். சிரிப்பாய்ச் சிரித்துப்போனவனைத் துரத்தினால் கேட்க நாதியில்லை. அண்ணனுக்கும் அது தெரியும், தங்கைக்கும் தெரியும்.

இருவரையும் ஒரே குதிரையில் ஏற்றி அனுப்பினார்கள். ஆற்றங்கரையில் இறங்கும்வரை நெகவார் பொருமிக்கொண்டே வந்தான்.

"என் மானத்த வாங்கிட்டியேடி."

"அங்க ஒருத்தனும் குடிக்கல. எங்கண்ணனும் குடிக்கல. நீங்க பாத்தீங்களா?"

நெகவாரின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. துர்தா அங்கிக் கைக்குள் சுருட்டி வைத்திருந்த கறித்துண்டை எடுத்து நீட்டினாள். அவன் அதை இரண்டாகப் பிய்த்து, பெரிய பாதியை அவளிடம் கொடுத்தான்.

"மொதல்ல நீ தின்னு."