மேல்மாடத்தில் எடுத்த உறுதிமொழி

கார்விக் கவுண்டி என்கிற மாவட்டத்தில் பால்பண்ணைக்காரர் ஆர்லோ ஸ்வென்ட்ஸனைத் தெரியாதவர் கிடையாது. மாட்டு வைத்தியர் வென்டெலோடு அவர் வெகுகாலமாகக் குடித்தனம் நடத்துவதும் ஊருக்குத் தெரியும். தெரிந்தும் யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை. சட்டசபைத் தேர்தலில் நின்றபோது ஆர்லோவே பேசிவிட்டார். சர்ச் விருந்தில் காப்பிக் கோப்பையோடு எழுந்தார்.

"வென்டெல் என்னோட தொழில் கூட்டாளியும் இல்ல, குடியிருக்கிறவரும் இல்ல. என் வாழ்க்கைத் துணை, என் வீட்டுக்காரர். பிடிக்காதவங்க ஓட்டுப் போட வேண்டாம். ஆனா பால் விலைக்காக யாரு சண்ட போடுவாங்கன்னு மட்டும் யோசிச்சுக்குங்க."

சிலர் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள். மற்றவர்கள் பால் விலையை யோசித்தார்கள். ஆர்லோ மயிரிழையில் ஜெயித்தார். அந்த மாநிலத்தில் இப்படி வெளிப்படையாகச் சொல்லிவிட்டு சபைக்குள் நுழைந்தவர் அதுவரை எவரும் இல்லை.

ஜனவரியில் பதவியேற்பு. அன்றைக்கு மட்டும் உறுப்பினரின் மனைவியோ கணவரோ பக்கத்து நாற்காலியில் உட்காரலாம். வென்டெல் தன்னிடமிருந்த ஒரே டையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். வாசலிலேயே காவலர் மறித்தார்.

"ஐயா, இவரு பார்வையாளர் மேல்மாடத்துக்குப் போகணும். இங்க குடும்பத்துக்கு மட்டும்தான்."

"இவருதான்யா என் குடும்பம்."

சபாநாயகர் ப்ரூவிட் ஓடி வந்தார். "மொத நாளே ரகளை வேணாம், ஆர்லோ."

"எந்த விதியில இருக்கு? காட்டுங்க."

"விதி இல்ல. வழக்கம்."

சபையில் ஆர்லோவுக்குப் பக்கத்து இருக்கைக்காரரான மெரில் ஸ்ட்ரௌட் வாசல் பக்கம் திரும்பி உரக்கச் சிரித்தார். "என்னப்பா, உன் பண்ணையில எல்லாமே காளைதானா?"

"ஒரு காளை பக்கத்துல வந்து நின்னா உமக்கு ஏன்யா இப்படி வேர்க்குது?" என்றார் ஆர்லோ.

வென்டெல் அவர் முழங்கையைத் தொட்டார். "விடு. நான் மேல போயிடறேன்." தலையைக் குனிந்துகொண்டு படியேறினார். கட்டுக்கடங்காத காளையையும் ஒற்றைக் கையால் அமுக்கிப் பிடிக்கிற மனிதர் கூனிக்குறுகிப் போவதை ஆர்லோ பார்த்தார். தன் நாற்காலிக்குப் போகாமல் அவரும் பின்னாலேயே ஏறினார்.

பெயர்களை வாசித்தார்கள். "ஸ்வென்ட்ஸன்!"

"இங்க இருக்கேன்!" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

சபை மொத்தமும் அண்ணாந்து பார்த்தது. "உறுப்பினர் கீழே வரணும்," என்றார் ப்ரூவிட்.

"கைய உயர்த்தி உறுதிமொழி எடுக்கணும்னுதான் சட்டத்துல இருக்கு. எங்க நின்னு எடுக்கணும்னு இல்ல. என் வீட்டுக்காரர் எங்கயோ அங்கதான் நானும்."

உறுதிமொழி செய்துவைக்க வந்திருந்த நீதிபதி ஹெட்டா லிண்ட்க்விஸ்ட் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "அவர் சொல்றது சரிதான். எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது. சத்தமாச் சொல்லுங்க, ஸ்வென்ட்ஸன்."

மாட்டைக் கூப்பிடுகிற குரலில் ஆர்லோ சொன்னார். ஒரு வரிசை எழுந்து வெளியேறியது. எங்கோ மூலையில் ஒருவர் கைதட்டினார், பிறகு இன்னும் சிலர். வென்டெல் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

அதற்கப்புறம் கேன்டீனில் அவரோடு உட்கார ஆளில்லை. வீட்டுக்குப் போன் போட்டு வசைபாடினார்கள். ஆர்லோ அசரவில்லை. தன்னைப் போன்றவர்களை வேலையிலிருந்தோ வாடகை வீட்டிலிருந்தோ துரத்தக்கூடாது என்று மசோதா கொண்டுவந்தார். படுதோல்வி.

"முடிஞ்சுதா?" என்று கேட்டார் ஸ்ட்ரௌட்.

"மாடு கறக்கிறவன்யா நான். நேத்து கறந்தாச்சுன்னு இன்னைக்குச் சும்மா இருக்க முடியுமா?"

கூட்டத்தொடர் தவறாமல் அதே மசோதாவைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு தேர்தலிலும் அவரைத் தோற்கடிக்க ஆள் நிறுத்தினார்கள், கார்விக் விட்டுக்கொடுக்கவில்லை. எதிர்த்தவர்களில் சிலர் ஓய்வு பெற்றார்கள். சிலருக்கு மகனோ மகளோ வந்து தானும் ஆர்லோ மாதிரிதான் என்று சொல்ல, மனசு மாறியது. ஆர்லோவின் தலை முழுக்க நரைத்த பிறகு ஒரு வசந்தகாலத்தில் மசோதா நிறைவேறியது. ஸ்ட்ரௌட் கடைசிவரை எதிர்த்தே ஓட்டுப் போட்டார்.

வெளியே பத்திரிகைக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். "இனி ஓய்வுதானே, சார்?"

"ஓய்வா? நானும் இவரும் இன்னும் கல்யாணம் பண்ணிக்க முடியலையே," என்று வென்டெலைக் காட்டினார் ஆர்லோ. "அடுத்த மசோதா அதுதான். ஸ்ட்ரௌட்கிட்ட சொல்லிவைங்க."