ஏழாவது கார்டு

பிரிட்டோ கட்டிலுக்கடியில் கையை விடுவதற்குள் ஜீவா அந்த ஷூ பெட்டியை வெளியே இழுத்து, அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டாள். உள்ளே நானூறு போஸ்ட் கார்டுகள் நெருக்கி அடுக்கியிருந்ததால் பெட்டி நசுங்கவில்லை.

"எந்திரிக்கா. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். பாக்கத்தானே வந்திருக்காங்க."

முன்னறையில் ஐஸ் பெட்டிக்குள் அப்பா படுத்திருந்தார். காலையில் பல் விளக்கப் போன ஆரோக்கியசாமி, பிரஷ்ஷைக் கீழே வைக்காமலே போய்விட்டார். பங்குச் சாமியார் அடக்கம் நாலு மணிக்கு என்றார். தோல் டேனரி முதலாளி பஞ்சாட்சரம் ஐயா தனக்கு நாலரைக்குத்தான் ஒழியும் என்றார். ஆகவே நாலரை.

"ஐயாகிட்ட வாக்கு குடுத்துட்டேன்கா. கார்டெல்லாம் வெச்சு கண்காட்சி போடறாராம். அப்பா பேர்ல."

"போன வருசம் கடை கடையா போன் போட்டு எடுக்கச் சொன்னாரே, அப்பவும் அதுல அப்பா பேருதான்டா இருந்துச்சு."

பிரிட்டோ வாசலைப் பார்த்தான். அவனுக்கு வேலை ஐயாவின் டேனரி ஆபீசில்.

ஆரோக்கியசாமி முப்பத்தொரு வருடம் ஷூ கம்பெனியில் தோல் தரம் பிரித்தவர். தோலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். பழுது கண்ணில் பட்டால் சாக்பீஸால் ஒரு வட்டம். வட்டத்துக்கு விளக்கம் எழுதும் பழக்கம் கிடையாது. ரிட்டயரானதும் சாக்பீஸ் இருந்த கைக்கு ஒரு பழைய கேமரா வந்தது. படங்களைச் சத்துவாச்சாரியில் ஒரு பிரஸ்ஸில் கொடுத்து, கனத்த அட்டையில், பின்புறம் ஸ்டாம்ப் ஒட்டக் கட்டம் விட்டு அச்சடித்தார். சனிக்கிழமைகளில் பஸ் ஏறி, வேலூர்க் கோட்டை வாசல், பாகாயம், வாலாஜாபேட்டை என்று கடைகளில் வைத்துவிட்டு வருவார்.

"இந்தக் காலத்துல கார்டு யாரு சார் போடறாங்க?" என்பார்கள்.

"நீங்க வைங்க. போடறவங்க போடுவாங்க."

போட்டார்கள். கோட்டை விற்றது. பிரியாணி வேகும் தேக்சா அண்டா அதைவிட ஜாஸ்தி விற்றது. வைத்தியத்துக்கு வந்து மாதக்கணக்கில் லாட்ஜில் தங்கியிருந்த வடநாட்டுக்காரர்கள் ஊருக்கு எழுதிப் போட்டார்கள்.

ஏழாவது கார்டில்தான் வந்தது வினை. பாலாற்றில் ஆளுயரத்துக்கு வெள்ளை நுரை. நுரைக்கு மேலே ஒரு நீலக் கதவு. அழகான படம். கதவு மட்டும் பஞ்சாட்சரம் ஐயாவின் டேனரிப் பின்கதவு. கார்டின் பின்னால் வழக்கம்போல, 'பாலாறு, ஆம்பூர். புகைப்படம்: ஆரோக்கியசாமி.' அவ்வளவுதான்.

ஒரே வாரத்தில் எல்லாக் கடைகளிலிருந்தும் கார்டுகள், அவர் கட்டிக் கொடுத்த அதே சணல் கயிற்றோடு திரும்பிவிட்டன. நுரையோடு சேர்த்துக் கோட்டையும் தேக்சாவும்கூட. பஸ் ஸ்டாண்ட் எதிரில் கடை வைத்திருக்கும் தபரேஸ் பாய் மட்டும் நேரில் வந்து கொடுத்தார். அப்பா அவரை உட்காரவைத்து டீ கொடுத்தார். அந்த டீயை ஜீவாவால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

வாசலில் இரண்டு கார்கள் நின்றன. பாலாறு பண்பாட்டுப் பேரவையின் நிறுவனத் தலைவரான பஞ்சாட்சரம் ஐயா இறங்கினார். அவருக்கு முன்னால் மாலை இறங்கியது. அதைத் தூக்க இரண்டு பேர். ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்களிடமிருந்து மைக் அவர் கைக்கு மாறியது. மாதா காத்திருந்தாள்.

"பாலாறு நம் தாய். அந்தத் தாயின் முகத்தை அன்னார் கண்ட விதம் இருக்கிறதே..." என்று தொடங்கி, இருபது நிமிடத்தில் பதினெட்டைத் தன் பேரவைக்குக் கொடுத்தார். மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இன்னும் பெட்டிமேல் உட்கார்ந்திருந்த ஜீவாவிடம் வந்து குனிந்தார்.

"அந்தப் பெட்டிய தம்பிகிட்ட குடுத்துடும்மா. ஒரு கார்டு விடாம. நெகட்டிவ் எல்லாம் சேர்த்து."

"நெகட்டிவ் இல்ல சார். டிஜிட்டல்."

"அதையும் குடுத்துடு."

"ஏழாவது கார்டைப் பாத்திருக்கீங்களா சார்?"

"எல்லாத்தையும் பாத்திருக்கேன். தெய்வீகம்." அவர் கண்ணை மூடித் திறந்தார். "வாசல்ல பேனர் பாத்தியா? பன்னெண்டு அடி. காலையிலயே போன்ல சொல்லிட்டேன்."

ஜீவா பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். போகிற வழியில் அடுப்படியில் கத்தியை எடுத்தாள். பேனர் கயிற்றை அறுத்தால் நாலு பேர் பேசுவார்கள், பேசட்டும்.

பேனரில் ஐயா கைகூப்பி ஆறடி உயரத்துக்கு நின்றார். வலது மேல்மூலையில், ஸ்டாம்ப் ஒட்டுகிற இடத்தில், ஸ்டாம்ப் போல அப்பா. நடுவில் 'கண்ணீர் அஞ்சலி'. பின்னணியில் வெள்ளை வெள்ளையாய் மேகம். மேகத்துக்கு மேலே, ஐயாவின் தோளையொட்டி, ஒரு நீலக் கதவு.

கத்தி பிடித்த கை கீழே இறங்கியது.

"பேக்ரவுண்டு எப்டிக்கா?" பிளக்ஸ் கடை ஹம்மாத் கம்பத்தில் முடிச்சுப் போட்டபடி கேட்டான். "அங்கிள் எனக்கு வாட்ஸப்புல அனுப்பின படம்தான். கீழ இருந்த தண்ணிய மட்டும் வெட்டிட்டேன். மேகம், கதவு... பரலோகம் மாதிரியே இருந்துச்சு. ஐயாவும் பாத்து ஓகே சொல்லிட்டாரு."

ஐயா முன்வாசல்காரர். பின்கதவுப் பக்கம் நாற்றம் ஜாஸ்தி என்பதால் அந்தப் பக்கம் போவதில்லை. போன வருடம்கூட யாரோ சொல்லக் கேட்டுத்தான் கடைகளுக்குப் போன் போட்டார், கார்டைப் பார்த்ததில்லை.

சிரிப்பு வந்திருக்க வேண்டும். ஜீவாவுக்குத் தாடைதான் வலித்தது.

பின்னாலேயே வந்த பிரிட்டோ அண்ணாந்து பார்த்தான். அவனுக்கு அந்தக் கதவு தெரியும். தினமும் சைக்கிள் நிறுத்துகிற இடம்.

"அக்கா. இத எறக்கணும்."

"எறக்கு. ஐயாவக் கேட்டுட்டு எறக்கு. ஏன்னு கேப்பாரு. சொல்லு."

பிரிட்டோ உள்ளே எட்டிப் பார்த்தான். ஐயா ஐஸ் பெட்டியருகே போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார். அவன் போகவில்லை.

எதிர்ச்சுவரோரம் தபரேஸ் பாய் நின்றிருந்தார். காலையிலிருந்து வீட்டுக்குள் வராமல், தலை நிமிராமல் அங்கேயேதான் நின்றார். ஜீவா கத்தியை வாசற்படியில் வைத்துவிட்டுத் தெருவைக் கடந்து, கார்டுக் கட்டின் சணல் கயிற்றை உருவிக்கொண்டு, பெட்டியை அவர் நெஞ்சுக்கு நேராக நீட்டினாள்.

"மறுபடி வைங்க பாய்."

"என்னைப் பேஜாருல மாட்டி வுடாத ஜீவா. எனக்குப் பொழப்பே அந்தக் கடைதான்."

"எங்கப்பாவோட டீ குடிச்சீங்க இல்ல?"

அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். திருப்பிய இடத்தில் பேனர் இருந்தது. நீலக் கதவில் கண் நின்றது.

"யா அல்லா," என்றார் மெதுவாக. "இத யாரு வெச்சது?"

"யாரு படம் பெருசா இருக்கு, பாருங்க."

தாடியைத் தடவினார். "பன்னெண்டு அடில அவரே வெச்சிருக்காரு. நான் ஆறு அங்குலத்துல வெச்சா யாரு இன்னா கேக்கப் போறாங்க?" பெட்டியை வாங்கிக்கொண்டார். "நாளைக்குக் காலைல வெச்சிடறேன்."

"ஏழாவது முன்னாடி."

"முன்னாடிதான்மா."

நாலரைக்கு என்ற சவப்பெட்டி ஐந்தேகாலுக்கு வெளியே வந்தது. ஐயா நாலு எட்டு தோள் கொடுத்தார். கேமராக்காரர் தலையாட்டியதும் தோளை எடுத்துக்கொண்டார். பிரிட்டோ முன்னால் சிலுவையோடு நடந்தான், அண்ணாந்து பார்க்காமல்.

காற்று எழுந்தது. பேனரின் கீழ்மூலைக் கயிறு அவிழ்ந்து, பிளக்ஸ் மடங்கிப் படத்திலிருந்த நீலக் கதவை மறைத்தது. ஜீவா வரிசையிலிருந்து விலகி வந்தாள். மூலையை இழுத்துப் பிடித்து, கையிலிருந்த சணலால் கம்பத்தோடு சேர்த்துக் கட்டினாள். இரண்டு முடிச்சு. இழுத்துப் பார்த்தாள். பிறகு சவப்பெட்டியை எட்டிப் பிடிக்க வேகமாக நடந்தாள்.