தாங்கும் என்று சொன்னவள்

அந்த வீட்டின் மூத்த மருமகள் பதினோரு வருடமாக ஸ்டூடியோவில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவளைப் போட்டோகிராபர் என்று யாரும் சொன்னதில்லை. வெளி வேலைகளுக்குக் கணவனும் கொழுந்தனும் கிளம்பிப் போய்விடுவார்கள். கடையில் இருந்து பாஸ்போர்ட் படம், குடும்பப் படம், கைக்குழந்தைப் படம் எல்லாம் எடுப்பது அவள்தான். உள்ளே வருகிறவர்களோ அவளைப் பார்த்ததும், "அண்ணன் இல்லையா?" என்பார்கள். "நான்தான் எடுப்பேன், உட்காருங்க" என்று சொல்லிச் சொல்லியே அவளுக்கு அலுத்துவிட்டது.

பிறகு கொழுந்தனுக்குக் கல்யாணமாகி இளையவள் வந்தாள். அவள் இந்தத் தொழிலைக் கல்லூரியில் படித்தவள். அவள் வந்த இரண்டாம் மாதமே கடையின் முன்கண்ணாடியில் இருந்த படம் மாறியது. பல் முளைக்காத ஒரு குழந்தை வாயெல்லாம் சிரிப்பாக இருக்கும் படம் அது. மூத்தவள் அரை மணி நேரம் தரையில் குப்புறக் கிடந்து எடுத்தது. கணவன் அதைக் கழற்றிவிட்டு இளையவள் எடுத்த படம் ஒன்றை மாட்டினான். மாட்டியதோடு விடாமல் மூத்தவளையே கூப்பிட்டுக் காட்டினான்.

"பாரேன், வெளிச்சம் எப்படி வந்து விழுந்திருக்குன்னு. அவ எடுத்தா அது தனிதான்."

பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் அவள் வயிற்றை எரித்தது. மோசமாக இருந்திருந்தால் அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பாள்.

இளையவள் கெட்டவளாக இருந்தாலாவது மனதுக்குள் திட்டித் தீர்த்துக்கொள்ளலாம். அவளோ "அக்கா, அக்கா" என்று பின்னாலேயே சுற்றினாள். சமையலறையில் பாதி வேலையைக் கேட்காமலே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தாள். திட்டுவதற்கு ஒரு காரணமும் கொடுக்காமல் ஒருத்தி எட்டு மாதம் ஒரே வீட்டில் இருப்பது எவ்வளவு பெரிய தொல்லை என்பது மூத்தவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அந்த எட்டாம் மாதத்தில் புதுக் கேமரா வந்தது. கூடவே முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸ். பெட்டியைப் பிரித்த கணவன் இரண்டையும் நேராக இளையவள் கையில் கொடுத்தான். மூத்தவள் பழைய கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் ஒரு தடவை தூக்கிப் பார்க்க ஆசைதான். கேட்க வாய் வரவில்லை.

"இவ்ளோ கனமா இருக்கே, புது ஸ்டாண்டு வாங்கலையா மாமா?" என்றாள் இளையவள்.

"அதான் ஒண்ணு இருக்கே. கல்லு மாதிரி நிக்கும்."

கல் மாதிரி நிற்கவைத்தது யார் என்று அவனுக்குத் தெரியாது. மூன்று கால் உள்ள அந்த மெல்லிய ஸ்டாண்டில் ஒரு காலை நீட்டிய உயரத்தில் பிடித்துவைக்கும் கிளிப் இரண்டு வருடமாகத் தளர்ந்திருந்தது. தினமும் காலையில் மூத்தவள் அதன் திருகை இறுக்கி, உள்ளங்கையால் மேலிருந்து ஓர் அழுத்து அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் கேமராவை மாட்டுவாள். அதுவும் சின்னக் கேமராவுக்கே அந்தப் பாடு.

மறுநாள் காலையில் அவள் திருகைத் தொடவில்லை. கையில் திருப்புளி இருந்தது. ஸ்டாண்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு திருப்புளியை டிராயரில் போட்டு மூடினாள். தன்னைவிட்டால் யாருக்கு இதெல்லாம் தெரியும், பட்டுத் தெரிந்துகொள்ளட்டுமே என்று இருந்தது. ஆளில்லாத அறையில் புதுக் கேமரா ஒருமுறை சாய்ந்து விழவேண்டும். யாருக்கும் அடிபடக் கூடாது. இளையவள் முகம் மட்டும் ஒரு நிமிடம் வெளுக்கவேண்டும். அவள் நினைத்தது அவ்வளவுதான்.

பதினொரு மணிக்கு இளையவள் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, இந்த ஸ்டாண்டு தாங்குமா?"

உண்மையைச் சொல்ல ஒரு நல்ல வழி அப்போது திறந்துதான் இருந்தது. "தாங்கும், தாங்கும்" என்று சொல்லிவிட்டு மூத்தவள் திரை மடிக்கப் போய்விட்டாள்.

மதியம் ஒரு பெண் பிறந்து இருபத்திரண்டு நாளான குழந்தையோடு வந்தாள். பால் குடித்துவிட்டுக் குழந்தை தூங்கிவிட்டது. தரையில் பஞ்சு மெத்தை விரித்து, அதன்மேல் பிரம்புக் கூடையை வைத்துக் குழந்தையைக் கிடத்தினார்கள். வெளிச்சத்தைக் குழந்தைமேல் திருப்பும் வெள்ளைத் தட்டியைப் பிடிப்பது மூத்தவளின் வேலை.

இளையவள் நேர் மேலிருந்து எடுக்க ஆசைப்பட்டாள். ஸ்டாண்டைக் கூடையை ஒட்டி வைத்தாள். நடுத்தண்டை உயர்த்தினாள். கேமராவைக் கவிழ்த்தாள். லென்ஸ் இருக்கும் பக்கமாக ஒரு கால் வரும்படி வைத்தாள். படித்தவள், முறையாகத்தான் செய்தாள். ஆனால் அவள் முன்னால் வைத்த கால், கிளிப் தளர்ந்த கால்.

லென்ஸின் வாய்க்கு நேர் கீழே குழந்தையின் நெற்றி இருந்தது. மூத்தவள் நினைத்துப் பார்த்த அறையில் ஆளே கிடையாது. இப்படி ஒரு கூடை கிடையவே கிடையாது.

"கொஞ்சம் பொறு" என்றாள். குரல் வெளியே வரவில்லை. இளையவள் கண்ணைக் கேமராவில் வைத்திருந்தாள். முன்காலின் குழாய் ஒரு நகக்கனம் உள்ளே இறங்கியது. இன்னொரு நகக்கனம்.

மூத்தவள் தட்டியைப் போட்டுவிட்டுப் பாய்ந்தாள். ஒரு காலால் கூடையை உதைத்துத் தள்ளினாள். மடங்கிச் சரிந்த கேமராவுக்கு அடியில் முழங்கையை நீட்டினாள். அத்தனை கனமும் அவள் கையில் இறங்கியது. கையோடு கேமராவும் மெத்தையில் போய் விழுந்தது. கூடை சுவர்வரை வழுக்கிக்கொண்டு போய் நின்றது. குழந்தை வீரிட்டு அழுதது.

தாய் ஓடிப்போய்க் குழந்தையை வாரி எடுத்தாள். தலை, கை, கால் எல்லாம் தடவிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. "அக்கா, நீங்க இல்லன்னா என்ன ஆயிருக்கும்?" என்று மூத்தவளின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"நான்தான் சரியா பூட்டல" என்றாள் இளையவள். "என் தப்புதான்."

சத்தம் கேட்டு உள்ளே வந்த கணவன் வீங்கிய கையைப் பார்த்துவிட்டு ஐஸ் வாங்க ஓடினான். வந்து ஒத்தடம் கொடுத்தபடி, "நல்ல வேளை, இவ பக்கத்துல இருந்தா" என்று எல்லோரிடமும் சொன்னான். எத்தனையோ வருடமாக அவள் காதில் விழவேண்டும் என்று ஏங்கிய பாராட்டு. ஒவ்வொரு சொல்லும் முள்ளாகக் குத்தியது.

தாய் குழந்தையோடு போனபின், பின்னறையில் இளையவள் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். மூத்தவள் கதவைச் சாத்தினாள்.

"நீ சரியாத்தான் பூட்டினே. அந்தக் கிளிப் லூசு. எனக்குத் தெரியும்."

இளையவள் ஈர முகத்தோடு திரும்பினாள். "கேட்டேனே அக்கா. தாங்கும்னீங்களே."

"ஆமா, சொன்னேன்."

"தெரிஞ்சேவா?"

மூத்தவள் தலையாட்டினாள்.

"என்மேல கோபம்னா என்னை நாலு அறை அறைஞ்சிருக்கலாமே" என்றாள் இளையவள். "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க." துண்டைக் கொடியில் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

மூன்று நாள் அவள் "அக்கா" என்று கூப்பிடவில்லை. சொன்னபடி யாரிடமும் சொல்லவும் இல்லை. பெருந்தன்மையிலும் இவளே ஜெயித்துவிட்டாளே என்று அதற்கும் மூத்தவளுக்குப் பொறாமையாக இருந்தது. நாலாம் நாள் காலையில் கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"உனக்கென்ன பைத்தியமா? பச்சைக் கொழந்தைடி அது. ஏன் இப்படிப் பண்ணே?"

"என் படத்தை ஏன் கழட்டினீங்க?"

அவன் விழித்தான். உண்மையாகவே யோசித்துப் பார்த்தான். "எந்தப் படம்?"

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். சாயங்காலம் அவன் வெளியே போய், தடித்த கால்களும் கனமான தலைப்பகுதியும் உள்ள ஒரு ஸ்டாண்டைத் தோளில் சுமந்துகொண்டு வந்தான். பழையதை இளையவள் தன் கையாலேயே உடைத்துக் குப்பையில் போட்டாள்.

இரண்டு வாரம் கழித்து அந்தத் தாயை மறுபடி வரச்சொன்னார்கள். அன்று எடுக்காமல் போன படம் பாக்கி இருந்தது. அவள் வந்து உட்கார்ந்ததும் மூத்தவள் எதிரே நின்று, "கிளிப் சரியில்லைன்னு எனக்கு முன்னாடியே தெரியும்மா. வேணும்னுதான் சொல்லாம விட்டேன்" என்றாள்.

தாய் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டாள். எழுந்து போய்விடுவாள் என்றுதான் மூத்தவளும் இளையவளும் நினைத்தார்கள். ஆனால் அவள் குழந்தையை எடுத்து, நீட்டியிருந்த மூத்தவளின் கைகளைத் தாண்டி, இளையவளிடம் கொடுத்தாள்.

"இவங்க தூங்க வைக்கட்டும்" என்றாள். "நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

மூத்தவள் தள்ளி நின்றாள். இந்த முறை மேலிருந்து எடுக்கவில்லை. ஸ்டாண்டைத் தாழ்த்தி, நாலடி தூரத்தில் பக்கவாட்டில் வைத்தார்கள். குழந்தை தூங்கியதும் இளையவள் நிதானமாகப் பத்துப் பன்னிரண்டு படம் எடுத்தாள். கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தபோது, கன்னத்துப் பூனைமயிர்கூட ஒளியில் தெரிந்தது. பார்த்த மாத்திரத்தில் மூத்தவளின் வயிறு பழையபடியே எரிந்தது.

"நல்லா வந்திருக்கு" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

இளையவள் திரும்பிப் பார்த்தாள். சிரிக்கவில்லை. "அந்த நாற்காலிய இழுத்துப் போட்டு உட்காருங்க அக்கா. எதைப் பிரிண்ட் போடலாம்னு பார்த்துச் சொல்லுங்க" என்றாள்.