நல்ல மண்

முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு அக்கா ஆஸ்பத்திரி அறைக்குள் வந்ததும் தம்பி கேட்ட முதல் கேள்வி, "வளையம் வந்துச்சா?"

அவன் லாரி ஓட்டுகிறவன். அவள் மண்ணில் வாழும் பாக்டீரியாவிலிருந்து மருந்து தேடுகிறவள். ஆய்வகத்தில் சின்னக் கண்ணாடித் தட்டில் நோய்க்கிருமியைப் பரப்பி, நடுவே மண் பாக்டீரியாவை வைப்பாள். அது மருந்தைச் சுரந்தால், சுற்றிலும் கிருமி செத்துத் தெளிவாக ஒரு வளையம் விழும். போகிற ஊரிலெல்லாம் ஒரு சாண் தோண்டி, டப்பாவில் மண் கொண்டுவந்து கொடுப்பான் தம்பி.

"ஊர்ல அவனவன் அக்காவுக்குத் துணிமணி எடுத்துத் தரான். நான் உன் தலையில மண்ண அள்ளிப் போடறேன்" என்பான். அவள் முகர்ந்து பார்க்கும்வரை நகர மாட்டான்.

"நல்ல மண்ணா?"

"நல்ல மண்ணுடா."

லாரிக் கதவின் தகரம் காலில் கீறியதைச் சின்னக் காயம்தானே என்று விட்டுவிட்டான். இப்போது புண் சீழ்பிடித்து இடுப்புவரை ஏறிவிட்டது. அந்தப் பாழாய்ப்போன கிருமிக்கு ஆஸ்பத்திரியில் எந்த மருந்தும் கேட்கவில்லை. அவள் அந்தக் கிருமியையே வாங்கிப் போய்த் தன் தட்டுகளிலெல்லாம் பரப்பியிருந்தாள்.

"வளையம் வந்துச்சுடா."

"எந்த மண்ணு?"

"மலை வளைவுல டயர் வெடிச்சு நின்னியே, அங்க எடுத்தது."

சிரிக்கப் பார்த்தான். காய்ச்சலில் உதடு ஒட்டிக்கொண்டது. "அன்னிக்கு மொதலாளிகிட்ட வாங்கின திட்டு வீண்போகல. அப்ப எனக்குப் போட்டுருவல்ல?"

காலையில் அந்த மண் பாக்டீரியா சுரந்த சாற்றைத் தன் ரத்தத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்திருந்தாள். கிருமியைக் கொன்றது ரத்தத்தையும் விட்டுவைக்கவில்லை. சிவப்பணுக்களெல்லாம் உடைந்து கரைந்துவிட்டன.

"போடறேன்டா. தூங்கு."

அவளுக்குப் பொய் சொல்ல வராது. ஆனாலும் அவன் நம்பினான். சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மறுநாள் குழியோரத்தில் ஆளுக்கொரு பிடி மண் போட்டுவிட்டு விலகினார்கள். தம்பி மனைவி அவள் கையைத் தொட்டாள். "நீங்களும் போடுங்க அண்ணி."

குனிந்து அள்ளினாள். ஆழத்து மண், ஈரமாக இருந்தது. போடப் போன கை, பழக்கத்தில் மூக்கருகே வந்துவிட்டது. மழை பெய்தால் எழும் அதே வாசனை. சுற்றி நின்றவர்கள் அவளைப் பார்த்தார்கள்.

"நல்ல மண்ணுடா" என்று குழிக்குள் பார்த்துச் சொல்லிவிட்டு, விரல்களைத் திறந்தாள்.