பாலத்தோரம் வைத்த பாட்டில்

கேளுங்கள் கண்ணுகளா, ஒரு தையற்காரி இருந்தாள். வாரம் முழுக்க மெஷினுக்கு முன்னால் குனிந்தே கிடக்கிறவள், ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் காலில் சக்கரம் கட்டிக்கொள்வாள். நெடுந்தூர ஓட்டப்பந்தயம் ஒன்றுக்குப் பெயர் கொடுத்திருந்தாள். அதற்கு முன் ஒருமுறையாவது முப்பது கிலோமீட்டர் தன்னந்தனியாக ஓடிப் பார்த்துவிட வேண்டும்.

அவ்வளவு தூரத்துக்கும் தண்ணீரைச் சுமந்துகொண்டா ஓட முடியும்? முதல் நாள் சாயங்காலமே சைக்கிளில் போய், வழியில் மூன்று இடங்களில் பாட்டிலைப் புல்லுக்குள் வைத்துவிட்டு வருவாள். போன வாரம் வைத்த பாட்டில் கண்ணில் படவே இல்லை. நாக்கு வறண்டு, நொண்டிக்கொண்டு வீடு வந்தாள். அதனால் இந்தத் தடவை உப்பு, சர்க்கரை, எலுமிச்சைச் சாறோடு, மகளின் பிறந்தநாள் கேக்குக்கு நிறம் போட வாங்கி மிஞ்சிய நீலப்பொடியையும் தண்ணீரில் தாராளமாகத் தட்டினாள்.

"என்னடி இது, பூச்சிமருந்து மாதிரி?" என்றார் வீட்டுக்காரர்.

"தூரத்துலேருந்தே தெரியணும்ல?"

"நல்லாத் தெரியும். பாக்கிறவனும் பயந்து உன்கூடவே ஓடுவான். துணைக்கு ஆள் ஆச்சு."

மறுநாள் காலை, வயல்களுக்கு நடுவே ஆளில்லாத சாலை. மைல்கல் ஓரத்தில் முதல் பாட்டில் அப்படியே இருந்தது. ஒரு மடக்கு விடாமல் குடித்துவிட்டு ஓடினாள். இரண்டாவது, சின்னப் பாலத்தின் ஓரம். அங்கே போய்ப் பார்த்தால் பாட்டிலைக் காணோம். வேலிக்கு அந்தப் பக்கம் அழுகைச் சத்தம்தான் கேட்டது.

ஒரு பண்ணைக்காரி தன் பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். பசுவின் வாயெல்லாம் நீலம். ஒழுகிய நுரையும் நீலம். காலடியில் மென்று துப்பிய பாட்டில். வேலிக்கம்பத்தின் மேல் வைத்திருந்த போனில் மாட்டு டாக்டர் பேசிக்கொண்டிருந்தார்.

"என்ன மருந்துன்னு தெரியாம நான் என்னம்மா ஊசி போடறது? பாட்டில்ல ஏதாவது எழுதியிருக்கா பாருங்க."

"ஒரு எழுத்தும் இல்ல சார்! எந்தப் படுபாவி கொண்டாந்து வச்சானோ, என் தங்கம் போயிடும் போலிருக்கே!"

அது தன் பாட்டில்தான் என்று தையற்காரிக்குப் புரிந்துவிட்டது. யாரும் அவளைப் பார்க்கவில்லை. நாலு எட்டு வைத்தால் வளைவு தாண்டிவிடலாம். ஒரு மூச்சு நின்றாள், அவ்வளவுதான். வேலியில் ஏறிக் குதித்துவிட்டாள்.

"அக்கா, அந்தப் படுபாவி நான்தான். அது விஷம் இல்லக்கா. உப்பும் சர்க்கரையும். நான் குடிக்கிறதுக்கு வச்சது."

"குடிக்கிறதுக்கா? இந்த நிறத்துலயா? யாருக்குக் காது குத்தற?"

என்ன சொல்லி நம்ப வைப்பது? வாயைத் திறந்து நாக்கை நீட்டினாள் தையற்காரி.

பண்ணைக்காரி அந்த நாக்கைப் பார்த்தாள். திரும்பிப் பசுவின் நாக்கைப் பார்த்தாள். இரண்டும் ஒரே நீலம்.

"என்னம்மா சத்தமே காணோம்? மாடு விழுந்துடுச்சா?" என்றது போன்.

"இல்ல சார்... இங்க இன்னொண்ணு நீல நாக்கோட நிக்குது. இதுக்கு ரெண்டு காலு."

கலந்ததையெல்லாம் தையற்காரி ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். டாக்டர் நிம்மதியாகவில்லை. "மூடி எங்க? அத முழுங்கியிருந்தா வம்பு." இரண்டு பெண்களும் மண்டிபோட்டுப் புல்லைத் துழாவினார்கள். பண்ணைக்காரியின் கைக்குத்தான் மூடி அகப்பட்டது. பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பல் பட்ட ஓட்டைகள்தான், ஒரு துண்டும் குறையவில்லை.

"அப்ப ஊசி வேணாம். நல்லாத் தண்ணி காட்டுங்க," என்றார் டாக்டர். "ரெண்டு பேருக்கும்."

பண்ணைக்காரி தொப்பென்று புல்லில் உட்கார்ந்து, அழுகையும் சிரிப்புமாகத் தையற்காரியின் முதுகில் ஒன்று வைத்தாள். "உன்னை நாலு சாத்து சாத்தணும்டி." சொல்லிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். வாளியில் பசுவும், செம்பில் தையற்காரியும் பக்கத்தில் பக்கத்தில் நின்று குடித்தார்கள்.

"இன்னும் எங்கயாவது இந்தக் கண்றாவிய வச்சிருக்கியா?"

"ஒண்ணே ஒண்ணுக்கா... மேட்டுக்கு அந்தப் பக்கம், ஆட்டுப்பட்டி ஓரமா."

"ஐயையோ, அது என் நாத்தனாரோட ஆடுங்க!" நாத்தனாரைக் கூப்பிட, பண்ணைக்காரி கம்பத்தின் மேலிருந்த போனை வெடுக்கென்று எடுத்தாள்.

தையற்காரி கிளம்பினாள். இத்தனை நேரம் கனத்த கால் இப்போது பஞ்சாக இருந்தது. மேடு ஏறினதே தெரியவில்லை. பட்டிக் கதவருகே ஒரு பருத்த அம்மாள், எம்பி எம்பிப் பார்க்கும் ஆடுகளுக்கு எட்டாமல், நீலப் பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள்.

தையற்காரி மூச்சு வாங்கியபடி கையை நீட்டினாள். அந்த அம்மாள் பாட்டிலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"அதெல்லாம் அப்புறம். மொதல்ல நாக்க நீட்டு, பாக்கலாம்."