கண்மாய்க்குள் ஒரு கப்பல்

1
முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன், இந்தக் கதை எனக்கு இரவலாக வந்தது. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் டீக்கடையில் சொன்ன ஒரே வரி: "அறுபத்தெட்டுல திருச்சுழி ரோட்டுல கப்பலைப் பாத்து பஸ்ஸை நிப்பாட்டிட்டேன்." மிச்சமெல்லாம் என் சரக்கு.

'வானம் பார்த்த அந்தக் கரிசல் பூமியில்' என்று தொடங்கி— சீ! எல்லாரும் எழுதி நைந்துபோன வரி. விட்டுவிட்டேன்.

2
கோட்டைச்சாமி பருத்தி லோடு லாரியில் தூத்துக்குடி போய்க் கப்பலைப் பார்த்துவிட்டு வந்தான்.

"எம்புட்டுப் பெருசு?" என்று கேட்டாள் அவன் பொண்டாட்டி முத்துத்தாய். கடலையே பார்க்காதவள்.

கையை விரித்துப் பார்த்தான், போதவில்லை. தெருவைக் காட்டினான்.

"போங்க, புளுகாதீக."

ரோசம் வந்துவிட்டது அவனுக்கு.

[இந்த ரோசத்துக்கா இவ்வளவும் என்று எனக்கும் சந்தேகம்தான். வேறு காரணம் எதை எழுதினாலும் அவனுக்கு ஒட்டவில்லை.]

3
பஞ்செடுத்தபின் பிடுங்கிக் காயவைத்த செடிக் குச்சி, பருத்திமார்தான் அந்த ஊருக்கு வருசம் முழுக்க அடுப்பெரிக்க. அதை வறண்ட கண்மாய்க்குள் கப்பலாக அடுக்கிக் காட்டிவிட்டுத் திருப்பித் தருகிறேன் என்றால் எந்தப் பொம்பளை கொடுப்பாள்? முத்துத்தாய்க்கும் ஆசை பிடித்துக்கொண்டது. வீடு வீடாகப் போய் நின்றாள்.

"மழைக்கு முன்னால ஒரு குச்சி குறையாம வந்து சேரும். நான் பொறுப்பு."

தங்கள் வீட்டுக் கட்டுகளை அடியில் போட்டான் கோட்டைச்சாமி. அதன்மேல் ஊர்க் கட்டுகள். பன்னிரண்டு நாள் வேலை. பதின்மூன்றாம் நாள் விடிந்து கரையேறிய முத்துத்தாய் அப்படியே நின்றுவிட்டாள். ஆள்மேல் ஆள் நாலு பேர் நின்றாலும் எட்டாத முகப்பு. கரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கப்பல். அதைப் பார்க்கப் பார்க்க வெடித்த மண் முழுக்கத் தண்ணீராகத் தெரிந்தது அவளுக்கு.

"ஆத்தாடி" என்றாள், சத்தமே வராமல்.

ரோட்டில் பஸ் நின்றது. டிரைவர் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டுக்* கரையேறினார்.

*செருப்பு என் சேர்க்கை. ஆனால் அந்த ஒரு வரியைச் சொல்லும்போது டீ ஆறிப்போனதை அவர் கவனிக்கவில்லை.

4
கப்பல் எழுந்த ஒன்பதாம் நாள் சாயங்காலம் வானம் கறுத்தது. கோடை மழை. கண்மாய்த் தண்ணீரில் ஊறினால் மார் மக்கிப்போகும். முத்துத்தாய் தெருவில் ஓடினாள்.

"ஏத்தா குருவம்மா, எல்லாரும் வாங்க, உங்க கட்டை எடுத்துக்கிருங்க!"

ஊரே இறங்கியது. அவரவர் போட்ட முடிச்சை அடையாளம் பார்த்து அவரவர் சுமந்தார்கள். குருவம்மாள் மட்டும் தலைச்சுமையோடு திரும்பி நின்று அழுதாள்.

"பாவி மனுசா, இம்புட்டு அழகா எதுக்குச் செஞ்ச?"

முத்துத்தாய் வாக்குத் தப்பவில்லை. மிஞ்சியது அடிவரிசை மட்டும்: அவர்கள் வீட்டுக் கட்டுகள், கப்பல் வடிவத்திலேயே, தரையோடு. மழை கொட்டியது. ஓடைத் தண்ணீர் கண்மாய்க்குள் நுழைந்தது.

"நம்ம கட்டை உருவிரவா?" என்று கேட்டான் கோட்டைச்சாமி, அவள் முகத்தைப் பார்க்காமல்.

"ஏங்க... மெதக்குமா?"

5
'அடுப்புதான் முக்கியம், உருவுங்க என்று—' அடித்துவிட்டேன். 'இருவரும் அதில் ஏறி—' சினிமா. அதையும் அடித்துவிட்டேன்.

டிரைவரிடம் கேட்டேன். "அன்னைக்கு எனக்கு டூட்டி இல்ல" என்றார்.

ஒரு பக்கம் ஒரு வருசத்து அடுப்பு. இன்னொரு பக்கம் அவள் கேட்ட கேள்வி. எனக்குக் கை ஓடவில்லை, நீங்களே சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம். தண்ணீர் அவள் கணுக்காலுக்கு வந்துவிட்டது.